ஊற்றும் ஈரமும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அந்த வட்டாரத்திலேயே புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாசி, பங்குனியில் மாணவர்களைக் குடமுருட்டி ஆற்று மணலுக்கு அழைத்துப் போய் ஊற்றுத் தோண்டிக் காட்டுவேன். அப்போது தொடங்கிய கேள்விகள் இன்றும் ஓயவில்லை. டீக்கடையிலும் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தாம். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

ஊற்று என்றால் மலையடிவாரத்தில் அல்லவா இருக்கும்? நம் சமவெளியில் ஏது ஊற்று?

பாறை இடுக்கிலிருந்து பீறிடுவதை மட்டும் ஊற்று என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. நிலத்தடி நீர்மட்டத்தைவிடத் தரை தாழ்ந்திருக்கும் இடங்களில் நீர் தானாகக் கசிந்து வெளியே வரும். காவிரி காலங்காலமாகப் போக்கை மாற்றி ஓடிக் கொட்டிய மணலும் களிமண்ணும் நம் காலுக்குக் கீழே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மணல் அடுக்கில் நீர் நகரும், களிமண் அதைத் தடுக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் விளிம்பு எங்கே வெளியே தெரிகிறதோ அங்கே ஊறும். குளத்தின் அடி, ஏரிக்கரையின் வெளிப்புறக் கால், வடிவாய்க்காலின் ஓரம், ஆற்று மணல் எல்லாமே ஊற்று இருக்கும் இடங்கள்தாம்.

நம்பிக்கை இல்லாதவர்கள் பங்குனியில் ஆற்றில் இறங்கிப் பாருங்கள். மேல்மணல் காலைப் பொசுக்கும். ஒரு சாண் தோண்டினால் மணலின் வெளுப்பு மாறிப் பழுப்பாகும், விரலில் ஒட்டும். முழங்கை ஆழத்துக்குப் போனால் குழியின் பக்கங்கள் பொலபொலவென்று சரியும். சரிந்த மணலின் அடியிலிருந்து நீர் சத்தமில்லாமல் ஊறி வட்டமாக நிற்கும். முதலில் கலங்கல். கையால் இரண்டு முறை இறைத்துவிட்டால் அடியிலிருக்கும் மணல்துகள் ஒவ்வொன்றும் ஊற்றுக்கண்ணின் மேல் துள்ளுவது தெரியும்.

கிணற்று நீர் சித்திரையில் ஜில்லென்று இருக்கிறது, மார்கழியில் வெதுவெதுப்பாக இருக்கிறது. உள்ளே என்ன மாறுகிறது?

உள்ளே ஏறக்குறைய எதுவும் மாறுவதில்லை. மாறுவது வெளிக்காற்றும் நம் தோலும்தான். பகல் வெயிலின் சூடு மண்ணுக்குள் ஒன்றிரண்டு அடிக்கு மேல் இறங்குவதற்குள் இரவு வந்துவிடுகிறது. கோடை, குளிர் என்ற ஆண்டு மாற்றமும் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் மங்கி மறைந்துவிடும். அங்கே இருக்கும் வெப்பம், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். நம் படுகையில் அது சுமார் 28, 29 டிகிரி செல்சியஸ்.

கத்திரி வெயிலில் காற்று 38 டிகிரியில் கொதிக்கும்போது 28 டிகிரி நீர் மேலே பட்டால் சிலிர்க்கிறது. மார்கழி விடியலில் காற்று 21 டிகிரிக்கு இறங்கும்போது அதே 28 டிகிரி நீர் வெந்நீர்போல் இதமாக இருக்கிறது. இந்த ஓர் எண்ணை, 28ஐ, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில்.

அப்படியானால் எங்கள் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வரும் நீர் ஏன் சுடுகிறது? ஆழம் போகப் போகக் குளிர வேண்டாமா?

வெயிலின் கை எட்டாத ஆழத்துக்குப் பிறகு பூமியின் உள்வெப்பம் பேசத் தொடங்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை ஏறும். 1,000 அடி, அதாவது 300 மீட்டர் போரிலிருந்து வரும் நீர், மேல்கிணற்று நீரைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் ஆழம் குறைந்த கிணறும், மேல்மணல் அடுக்கில் இறக்கும் வடிமுனைக் குழாயும்தான்.

வெளிநாடுகளில் குளிர் ஊற்றுகளால் சதுப்பு நிலமே குளிர்ந்து தனி வானிலையாக இருக்கும் என்று படித்தேன். நம்மூரிலும் அப்படித்தானா?

அங்கே நடப்பது உண்மை. ஐரோப்பாவின் வடபகுதியில் நிலத்தடி நீர் 8, 10 டிகிரியில் இருக்கும். கோடைப் பகலில் காற்று 25 டிகிரியைத் தாண்டும்போது அந்த நீர் ஓயாமல் ஊறிப் பரவும் நிலம், சுற்றுப்புறத்தைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். நீர் தேங்கிக் காற்றுப் படாததாலும் குளிராலும் இலைதழை மக்க நேரம் பிடிப்பதால், பாதி மக்கிய கரிச்சேறு அடுக்கடுக்காகச் சேரும். இன்னும் வடக்கே வளர வேண்டிய குளிர்நாட்டுச் செடிகள் அங்கே தங்கிப் பிழைத்திருப்பதும் உண்டு. பனிக்காலத்தில் ஊரெல்லாம் உறைந்தாலும் ஊற்று வாய் உறையாது.

நமக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன 28 டிகிரி நீரை 'குளிர்ந்த நீர்' என்று சொல்ல முடிவது வருடத்தில் சில மாதங்களின் பகல் நேரத்தில்தான். ஆனாலும் ஊற்றுள்ள குளத்தங்கரை குளிர்ந்திருப்பது பொய்யில்லை. காரணம்தான் வேறு.

10 டிகிரி வித்தியாசம் குறைவா சார்? அது காற்றைக் குளிர்விக்காதா?

குளிர்விக்கும், கொஞ்சம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் ஊற்றுநீர் 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குச் சூடேற, சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் சுமார் 42 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதே ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால் வாங்கும் வெப்பம் சுமார் 2,400 கிலோஜூல். ஏறக்குறைய 57 மடங்கு. ஊற்றுநீரின் சொந்தக் குளிர்ச்சி சில்லறை. ஆவியாதல்தான் முழு நோட்டு.

வீட்டு மண்பானை இதற்குச் சாட்சி. காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நிழலில் காற்றோட்டத்தில் வைத்த ஈரத்துணி சுமார் 27 டிகிரி வரை இறங்கும். கிணற்று நீரைவிடக் குறைவு. கசியும் பானையும் அந்த அளவை நோக்கித்தான் இறங்குகிறது. கிணற்றிலிருந்து மொண்டு ஊற்றிய நீர் பானையில் இன்னும் குளிர்வது இதனால்தான். பானை கசிய வேண்டும், காற்று பட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தால் எந்த நீரும் குளிர்விக்குமே. ஊற்றுக்கு என்று தனியாக என்ன வேலை?

இதுவரை என்னிடம் கேட்கப்பட்டவற்றில் மிக நல்ல கேள்வி இது. மழவராயநல்லூர் பக்கம் ஒரு கல்யாணத்தில், மோர் ஊற்றிக்கொண்டே ஒரு பையன் கேட்டான். ஊற்றின் வேலை, நீர் நிற்காமல் பார்த்துக்கொள்வது.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பதும் ஜனவரி 28இல் மூடுவதும் வழக்கம். மூடிய பிறகு பிப்ரவரி முதல் மே வரை ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும். வெயில் ஏறுவதும் அதே மாதங்களில்தான். நமக்குக் குளிர்ச்சி அதிகம் தேவைப்படும் காலத்தில் ஆவியாவதற்கு மேலே நீர் இருக்காது. அந்த நான்கு மாதமும் மண்ணுக்குள் இருப்பதை எடுத்துக் கொடுப்பது ஊற்று ஒன்றுதான். ஆடி முதல் மார்கழி வரை வயலும் வாய்க்காலும் உள்ளே இறக்கிய நீர், பங்குனியில் குளத்தடியில் ஊறுகிறது.

அளவு தெரிந்தால் மதிப்புத் தெரியும். ஓர் ஏக்கர் குளத்திலிருந்து ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்ளுங்கள். அது சுமார் 20,000 லிட்டர். அது எடுத்துச் செல்லும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் 13,000 யூனிட்டுக்கு மேல் வரும். ஒன்றரை டன் ஏசி இயந்திரங்கள் 100 சேர்ந்து இரவு பகலாக ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். ஊற்று அந்த 20,000 லிட்டரில் பாதியை ஈடு செய்தாலும் குளம் வைகாசி வரை தாங்கும். ஊற்று நின்றுவிட்டால் மாசியிலேயே சேறு வெடித்துவிடும். வெடித்த சேறு வெயிலை வாங்கிக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும்.

வடுவூர் ஏரியும் ஊற்றால்தான் நிற்கிறதா?

இல்லை. திருவாரூர் மாவட்டத்தின் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிகள். 2022இல் இரண்டும் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மேட்டூர் நீர் வரும்போது நிரம்பும், ஏப்ரல் முதல் ஜூலை வரை காய்ந்து கிடக்கும். பறவைகள் வரும் பருவத்தில் அங்கே நின்றால் கிடைக்கும் குளிர்ந்த காற்று, மே மாதத்தில் அதே கரையில் கிடைக்காது. முந்தைய பதிலில் சொன்னதை நேரில் பார்க்க இந்த ஏரிகளைவிட நல்ல இடம் இல்லை.

குளத்தங்கரையில் நிற்கும்போது குளிர்கிறது. நூறு அடி தள்ளி வந்தால் ஒன்றும் தெரியவில்லையே?

சிறிய குளத்தின் குளிர்ச்சி அதன் கரையோடு முடிந்துவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் கொஞ்சம் நீளும். ஆனி, ஆடி மேல்காற்றில் குளத்தின் கிழக்குக் கரையில் நில்லுங்கள், மேற்குக் கரையில் நின்றால் வறட்டுக் காற்றுதான். கரையில் மருதமும் புங்கமும் இருந்தால் அவை ஈரக்காற்றைக் கலையவிடாமல் பிடித்து வைக்கும். குளமும் நெல்வயலும் நாணல் படுகையும் தொடர்ச்சியாக இருந்தால் அந்தத் தொடர் முழுவதும் குளிர்ச்சி தொடரும். ஒற்றைக் குளத்தைக் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள ஈரத்தையெல்லாம் மனைகளாக்கினால் பலன் இருக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

மார்கழி விடியலில் எங்கள் குளத்திலிருந்து புகை எழுகிறது. ஏதாவது வாயுவா?

பயப்பட வேண்டாம். ஊற்று கலந்த குளத்துநீர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கிறது. அதிலிருந்து எழும் ஆவி மேலே இருக்கும் குளிர்காற்றில் பட்டவுடன் நுண்துளியாகி வெண்புகைபோல் தெரிகிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் நடப்பதும் அதுவே. ஊற்று எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் காற்றில்லாத விடியலில் போய்ப் பாருங்கள். புகை அடர்ந்து எழும் மூலையை முதலில் தேடிப் பார்க்கலாம்.

வயலின் மேல் போர்வைபோல் படுத்திருக்கும் மூடுபனி வேறு. இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்றையும் குளிரவைப்பதால் உண்டாவது அது. குளத்துப் புகை சூட்டில் பிறக்கிறது, வயல் பனி குளிரில் பிறக்கிறது.

ஈரம் இருந்தால் குளிர்ச்சி என்கிறீர்கள். எங்கள் ஊரில் புழுக்கம்தான் கூடுகிறது.

உங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கமாக இருக்க வேண்டும். கடலோரத்தில் மாலையில் காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஈரத்துணிகூட 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. மூன்றே டிகிரிதான் லாபம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் குளத்துநீரும் ஆவியாக மறுக்கும், நம் வியர்வையும் ஆவியாக மறுக்கும். உள்நாட்டில் தஞ்சை, திருவையாறு பக்கத்துக் கோடைப் பகலில் ஈரநிலம் செய்யும் உதவியைக் கடலோர மாலையில் எதிர்பார்க்க முடியாது. ஈரநிலத்தை நேசிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

போர் நீர் குளிர்ச்சி, நாற்றுக்கு ஆகாது என்று எங்கள் பெரியப்பா சொல்வார். சரியா?

ஜப்பானின் மலையோர வயல்களில் இது உண்மையான தொல்லை. குளிர்ந்த ஓடைநீர் நேராகப் பாயும் மடைவாய்ப் பக்கத்துக் கதிர்கள் பதராகிவிடும். அதனால் நீரை நீண்ட, ஆழமில்லாத வாய்க்காலில் சுற்றவிட்டு, வெயிலில் சூடாக்கிப் பாய்ச்சுவார்கள். நமக்கு 28 டிகிரி நீர் நெல்லுக்கு உகந்த சூடுதான். குறுவை நாற்றங்கால் வடிமுனைக் குழாய் நீரில்தானே வளர்கிறது. நாற்று மஞ்சளாகப் போனால் முதலில் உப்பைச் சோதியுங்கள்.

நெல்லுக்கு நம் ஊரில் ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மணி பிடிப்பது குறையும். அப்போது வயலில் நீர் நிற்பதும் பயிர் தன் இலைவழி ஆவியை விட முடிவதும்தான் கதிரை இரண்டொரு டிகிரி குளிர்வித்துக் காப்பாற்றும்.

வடிவாய்க்காலில் ஊற்று வரும் இடம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. மேலே எண்ணெய் மினுமினுக்கிறது. எண்ணெய்க் குழாய் கசிகிறதோ?

எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் வட்டாரத்தில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் செந்நிறம் பெரும்பாலும் இரும்பு. மண்ணுக்குள் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. நுண்ணுயிர்கள் அதைக் கொழகொழப்பாக்கி, மேலே வானவில் படலம் ஒன்றையும் விரிக்கின்றன.

ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் கிழியுங்கள். அப்பளம்போல் துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தால் இரும்புப் படலம். கிழித்த இடம் சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடினால் எண்ணெய். எண்ணெய் வாடையும் சேர்ந்திருந்தால் குச்சியோடு நிற்காமல் நீரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

கோடையில் மீன்களெல்லாம் ஊற்று மூலைக்கு ஓடுகின்றனவே?

ஆழமில்லாத குளத்து நீர் வெயிலில் 35 டிகிரிக்குப் போனால் ஒரு லிட்டரில் ஏழு மில்லிகிராம் அளவுக்குத்தான் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 28 டிகிரியில் எட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். சூடான நீரில் மீனுக்கு மூச்சும் அதிகம் தேவை, கிடைப்பதும் குறைவு. அதனால் ஊற்றுப் பக்கம் ஒதுங்குகின்றன. ஆனால் ஊற்றுக்கண்ணின் வாயிலேயே நிற்காது. மண்ணுக்குள்ளிருந்து வரும் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கலாம், காற்றோடு கலந்த பிறகுதான் அது மீனுக்கு ஆகும். இரண்டு மூன்று அடி தள்ளி நிற்கும் கெண்டைக் கூட்டத்தைக் கவனித்தால் தெரியும்.

ஆற்றில் மணல் எடுத்த பள்ளத்தில் நீர் பளபளவென்று நிற்கிறது. ஊற்று நன்றாகத் திறந்துவிட்டது என்று சொல்லலாம்தானே?

இந்தக் கேள்விக்கு என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பள்ளத்தில் பளபளப்பது, மணல் மூடிப் பாதுகாத்து வைத்திருந்த நம் கோடைச் சேமிப்பு. ஆற்றின் பருமணலில் நீர் நுண்துளை வழியாக ஓர் அடிக்கு மேல் ஏற முடியாது. எனவே நீர்மட்டம் அதற்குக் கீழே இருந்தால் மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆவி இழப்பு மிகக் குறைவு. மணல்தான் மூடி. மூடியை எடுத்துவிட்டால் திறந்த குளம்போல் நாள்தோறும் வெயிலுக்குப் பறிபோகும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் பக்கத்தில் நடக்கிறது. ஒரு கன மீட்டர் ஆற்று மணல் சுமார் 200 லிட்டர் நீரைப் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடுக்கும். மணல் போனால் நீரைச் சேமிக்கும் அந்த இடமே போய்விடுகிறது. பள்ளம் ஆழமாக ஆழமாகக் கரையோரக் கிணறுகளின் நீர் அதை நோக்கி இறங்கும். ஊர்க்குளத்தின் ஊற்று அடங்கும். பள்ளத்தில் நீர் பளபளக்கும் ஆண்டிலேயே கரையில் இருக்கும் கிணற்றில் கயிறு போதாமல் போவதை நான் கண்டிருக்கிறேன்.

வேதாரண்யம் பக்கம் கடலுக்கு அருகில் மணல்மேட்டில் தோண்டினால் நல்ல நீர் வருகிறதே, எப்படி?

மழைநீர் மணல்மேட்டில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரை அது அழுத்திப் பிடிக்கும். அதே கணக்குத் திரும்பவும் அடிக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவரப் பார்க்கும். அங்கே கையால் இறைத்தவரை தாங்கிய ஊற்று, மோட்டார் வைத்தால் உவர்க்கும்.

வாய்க்காலுக்குச் சிமெண்ட் போடுவது நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. கடைமடைக்கு நீர் போய்ச் சேர வேண்டும், அது நியாயம். ஆனால் வாய்க்கால் 'வீணாக' மண்ணுக்குள் விடும் நீர்தான் பங்குனியில் குளத்தடியில் ஊறுகிறது என்று மேலே பார்த்தோம். கரைகளைக் கட்டுங்கள், தரையை மூடாதீர்கள் என்பது என் கருத்து.

எங்கள் குளத்தில் ஊற்று நின்றுவிட்டது. இயந்திரம் வைத்து ஆழமாகத் தூர் வாரினால் திறந்துவிடும் அல்லவா?

திறக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் திறக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். ஊற்றுக்கண் ஒருவழிப் பாதை இல்லை. சுற்றுப்புற நிலத்தடி நீர்மட்டம் குளத்து நீரைவிட மேலே இருந்தால் வெளியிலிருந்து உள்ளே ஊறும். கீழே இருந்தால் குளத்து நீர் அதே கண் வழியாக உள்ளிருந்து இறங்கி ஓடிவிடும். குளத்தின் அடியில் படிந்த களிமண்தான் பல குளங்களில் நீரைப் பிடித்து நிறுத்துகிறது. நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் ஊரில் அந்தக் களிமண்ணைத் தோண்டி மணலைத் தொட்டால், ஐப்பசி மழையில் நிரம்பிய குளம் தைக்குள் வெறுமையாகிவிடும். நிலத்தடிக்கு அதனால் நன்மைதான், குளத்துக்கு இல்லை.

ஆகவே இயந்திரத்துக்குப் பணம் திரட்டுவதற்கு முன் ஒரு கயிறும் ஒரு கல்லும் எடுங்கள். குளத்துக்கு மிக அருகில் உள்ள, இறைக்காத கிணற்றில் தரையிலிருந்து எத்தனை அடியில் நீர் இருக்கிறது என்று அளந்து, குளத்து நீர் தரையிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். கிணறும் குளக்கரையும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் நீர்மட்டக் குழாய் பிடித்து அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், எந்தக் கொத்தனாரிடமும் இருக்கும். ஐப்பசியில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை. மாசியிலும் கிணற்று நீர் மேலே நின்றால் தாராளமாகத் தூர் வாருங்கள். கீழே நின்றால் மேல்சேற்றை மட்டும் வழித்துவிட்டு, கடினமான களிமண் தட்டுப்பட்டதும் நிறுத்திவிடுங்கள்.